சீ நைன் படித்த கதை

கிற்றார் எங்கள் வீட்டுக்குப் பாயாகத்தான் வந்தது. எனக்குக் கல்யாணம் முடிந்து ஒரு கிழமை இருக்கும். மிச்சச் சாமான்களை எடுத்து வருகிறேன் என்று சாய்ந்தமருதுக்குச் சைக்கிளில் போன மாப்பிள்ளை, பின் கரியரில் பெரிய பன்பாய்ச் சுருள் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். உம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மருமகன் பாய் கொண்டு வந்திரிக்காரு, நல்ல மொத்தப் பாய்" என்று முற்றத்தில் வைத்தே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். பாதி அவிழ்ந்ததும் உள்ளேயிருந்து ஒரு நீளக் கழுத்து வெளியே வந்தது.

"என்ட அல்லாஹ்! இதென்ன மருமகன்?"

"கிற்றார் மாமி."

"ஆர்ட?"

"என்டதான்."

உம்மா தறிக்கொட்டில் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். வாப்பா உள்ளே நின்றார். உம்மா பாயைத் திரும்பச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, தன் கையாலேயே எங்கள் அறைக்குள் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினார். "பாயாவே கிடக்கட்டும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். சூறாவளி எங்கள் மருதமுனையின் கூரைகளைக் கொண்டுபோன அடுத்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. அதனால் என் வீட்டில் ஓடும் புதிது, மாப்பிள்ளையும் புதிது. புது மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் ஒரு மாதிரி இருக்க வேண்டும். அறையை விட்டு வெளியே வரும்போது இருமிக்கொண்டு வர வேண்டும், போட்ட சோற்றில் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும், மாமா கதைத்தால் ஓம் சொல்ல வேண்டும். இந்த லட்சணத்தில் கிற்றார் வேறு. வாப்பா பள்ளிவாசல் காரியங்களில் முன்னுக்கு நிற்கிற மனுஷன்.

என் மாப்பிள்ளை தச்சு வேலைக்காரர். மட்டக்களப்பில் வேலை செய்த காலத்தில் கூட வேலை பார்த்த பறங்கிப் பெடியன்களோடு சேர்ந்து கிற்றார் பழகியிருக்கிறார். கல்முனையில் அவர்களுக்கென்று ஒரு சின்ன இசைக்குழுவும் இருந்தது. கல்யாணம் பேசும்போது இதையெல்லாம் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாப்பா வேண்டாமென்றிருப்பார், நான் சாப்பிடாமல் படுத்திருப்பேன். ஆகவே சொல்லாதது நல்லதுதான்.

அவர் கதைக்கிறது குறைவு. ஒரு கேள்விக்கு ஒரு சொல்தான் வரும். முதல் நாட்களில் எனக்கு அழுகையே வந்தது, இந்த ஊமையோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று. கிற்றாரை மடியில் வைத்தால்தான் அந்த ஆள் வேறு ஆள். சிரிப்பார், பகிடி விடுவார், என்னைச் சீண்டுவார். அதை எடுப்பதற்கும் ஒரு நேரம் இருந்தது. வளவுக்குள் வாப்பாவின் தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும் முற்பகல் வேளை. டக்கு டக்கென்று அந்த இரைச்சலுக்குள் வெடி போட்டாலும் வெளியே கேட்காது. வேலையில்லாத நாட்களில் கதவைச் சாத்திவிட்டு மெல்ல வாசிப்பார்.

எனக்கும் படிப்பித்தார். நான் கேட்கவில்லை, அவர்தான் என் விரலைப் பிடித்துத் தந்திகளில் வைத்தார். பல தந்திகளை ஒரே நேரத்தில் அமுக்கி ஒரே வீச்சில் தட்டினால் வருகிற கூட்டுச் சத்தத்துக்குக் கோட் என்று பெயர். சீ, எஃப், ஜீ என்று மூன்று கோட் வந்தால் பாதிப் பாட்டு வந்துவிடும் என்பார். "ஜீயில நிண்டா மனம் சீயத் தேடும் புள்ள. கேட்டுப் பாரு." கேட்டுப் பார்த்தேன், உண்மைதான். ஜீயில் நிறுத்தினால் இருப்புக்கொள்ளாது. சீயில் வந்து நின்றால்தான் அப்பாடா என்றிருக்கும்.

அவருக்கென்று ஒரு கோட் இருந்தது. சீ நைன். நான் அதை ஒன்பதாங் கோட் என்பேன். சீயைப் போலத்தான் இருக்கும், ஆனால் முழுதாகச் சீ இல்லை. சந்தோஷமா கவலையா என்று பிடிபடாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்று கதைக்கிற ஆளைப் போல, வந்தும் வராமலும் இருக்கும். எதை வாசித்தாலும் கடைசியில் அதில்தான் கொண்டுவந்து விடுவார். விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். எனக்கும் அதைக் காட்டித் தரச் சொன்னேன். "ஒனக்கு விரல் நீளம் காணாது. மறுகா பாப்பம்" என்றார். அதற்கிடையில் கட்டாருக்கு விசா வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து மத்திய கிழக்குக்குப் போனவர்கள் குரலைக் கசெற்றில் பதிந்து, வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். ஏ பக்கம் வீட்டார் எல்லாருக்கும். மாமா சுகமா, மாமி சுகமா, இங்கே வெயில் என்று போகும். பீ பக்கம் எனக்கு மட்டும். ஏ பக்கம் முடிந்ததும் உம்மா மற்றவர்களைக் கிளப்பிக்கொண்டு எழும்பிவிடுவார்.

அப்படி வந்த ஒரு பீ பக்கத்தில்தான் அந்தச் சேதி இருந்தது. பெரிய இரும்புக் கதவு ஒன்றை நிலையில் பூட்டும்போது கை மாட்டுப்பட்டுவிட்டதாம். "இடக்கை மோதிர விரல் புள்ள. ஆறிட்டு. ஆனா மடங்குதில்ல, நிமிருதுமில்ல. வேலைக்குக் கொறவில்ல, நீ பயப்பிடாத. அந்தக் கிற்றார வித்திரு. எங்கட குழுவில இருந்த ரேடியோ திருத்துறவன் வருவான், அவன்ட குடுத்திரு. இனி அதப் பாக்கவும் எனக்கு மனமில்ல." அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தான். மற்ற நாட்களில் கசெற் முடியும்வரை கதைக்கிறவர் அன்றைக்குப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

விரலை நினைத்து அழுதேன். அழுது முடிந்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! விற்றுவிடு என்றால் என்ன அர்த்தம்? என்னோடு சிரித்துக் கதைத்த ஆள் அந்தக் கிற்றாரோடு வந்தவர். கிற்றார் போனால் திரும்பி வரப்போவது யார்? முதல் கிழமையில் இருமிக்கொண்டு அறையை விட்டு வந்த அந்த ஊமைதான். எனக்கு அந்த ஆள் வேண்டாம், மற்ற ஆள்தான் வேண்டும். இதை வாய்விட்டு யாரிடம் சொல்ல முடியும்? உம்மாவிடம் சொன்னால், "மனிசன் உசிரோட இரிக்கான், அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லு" என்பார். அதுவும் நியாயம்தான். ஆனால் எனக்குப் போதவில்லை.

ரேடியோ திருத்துகிறவர் வந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, "அவர் வந்த பொறகு பாப்பம் காக்கா" என்று அண்ணன் முறை சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கே முடிவெடுத்தேன், அந்த ஒன்பதாங் கோட்டை நானே படிப்பதென்று. அவர் வந்து இறங்கியதும் அதை வாசித்துக் காட்டுவேன். காதால் கேட்ட பிறகும் விற்கத்தான் வேண்டுமென்றால் விற்கட்டும்.

படிப்பதென்றால் யாரிடம் படிப்பது? அவர் கொழும்பில் வாங்கிய கோட் புத்தகம் ஒன்று பாய்க்குள் செருகியிருந்தது. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனால் கோட்டுக்கு எழுத்து என்னத்துக்கு, படம்தானே. ஆறு கோடு மேலிருந்து கீழே, அவைதான் தந்திகள். குறுக்கே சின்னக் கட்டங்கள். விரல் வைக்கிற இடத்தில் கறுப்புப் புள்ளி. தட்டக் கூடாத தந்திக்கு மேலே பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. சீ நைன் பக்கத்தின் மூலையை அவரே மடித்து வைத்திருந்தார். அவர் அதைப் பிடிப்பதை எத்தனையோ முறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் விரலை யார் பார்த்தது? அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தந்தி எது என்று எனக்குத் தெரியும். முகத்துக்குக் கிட்ட இருக்கிற தடித்த தந்தியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று எனக்கு நானே வைத்திருந்த கணக்கு. புத்தகத்தைத் திறந்து, படத்தில் வரைந்திருந்த முதல் கோட்டில் தொடங்கி ஒவ்வொரு புள்ளியாகத் தந்தியில் வைத்தேன். மோதிர விரலை மூன்று தந்திகளின் மேல் படுக்கப் போட வேண்டியிருந்தது. போட்டால், மற்றத் தந்திகளில் அது முட்டியது. முட்டாமல் தூக்கினால் படுத்த இடத்தில் அமுங்கவில்லை. தடித்த தந்திகள் மூன்றும் விரலை அறுத்தன. இதற்கிடையில் சுட்டுவிரல் ஒரு பக்கம், சின்ன விரல் இன்னொரு பக்கம். இந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவன் மனுஷனா ஷைத்தானா என்று அவனையும் ஏசினேன், புத்தகத்தையும் ஏசினேன், கட்டாரில் இருக்கிற ஆளையும் சேர்த்து ஏசினேன். விரல் காணாது என்று அவர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று தோன்றும்போதெல்லாம் இன்னும் ரோசம் வரும்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சுற்றுவட்டாரச் சின்னப் பிள்ளைகள் என்னிடம் குர்ஆன் ஓத வருவார்கள். குமராக இருந்த காலத்திலிருந்தே நான் ஓதிக் கொடுக்கிறவள். அவர்களுக்கு எழுத்தைத் தொட்டுக் காட்டும்போது விரல் நுனி எரியும். "விரல்ல என்ன புள்ள?" என்று உம்மா ஒருநாள் பிடித்துப் பார்த்தார். சட்டி சுட்டுவிட்டது என்றேன். "நாலு விரலையும் எண்ணி எண்ணிச் சுட்ட சட்டி" என்று சொல்லிவிட்டு உம்மா போய்விட்டார்.

வருஷம் ஒன்று போனது. மெல்ல மெல்லப் பிடி வந்தது. சத்தமும் வந்தது. வந்த சத்தம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவருடையதைப் போல் இல்லை. அவருடைய கோட் வாசலில் நின்றது, என்னுடையது ரோட்டிலேயே நின்றது. என் கை சின்னக் கை, அதனால் இப்படிக் கேட்கிறதாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். சீ கோட்டின் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தாலே விஷயம் விளங்கியிருக்கும். மனப்பாடமான குர்ஆன் சூறாவுக்கு யார் கிதாபைத் திறந்து பார்க்கிறார்கள்?

ஒருநாள் ஒரு கூத்து நடந்தது. கோட் சரியாக விழுந்த சந்தோஷத்தில் நேரத்தை மறந்துவிட்டேன். நூல் அறுந்தால் ஒரு தறிதான் நிற்கும். எல்லாத் தறிகளும் ஒன்றாக நிற்பது நடுப்பகல் ளுஹர் பாங்குக்கு மட்டும்தான். நான் கையை ஓங்கித் தட்டவும் தறிகள் எல்லாம் நிற்கவும் சரியாக இருந்தது. அந்த அமைதியில் என் ஒன்பதாங் கோட் வளவு முழுக்கக் கேட்டது. வாப்பாவின் செருப்புச் சத்தம் அறை வாசலில் வந்து நின்றது.

"மகள், உள்ளுக்கு என்ன சத்தம்?"

"மச்சான்ட சாமானத் தூசி தட்டின வாப்பா."

"ஒவ்வொரு நாளும் தூசி புடிக்குதோ?"

நான் கிற்றாரைப் பாய்க்குள் சுருட்டினேன்.

"தட்டுறதெண்டா தறி ஓடக்குள்ள தட்டு. பாங்கு நேரத்தில தட்டாத" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்கு உளூச் செய்யப் போய்விட்டார். அப்படியென்றால் அந்த மனுஷனுக்கு எப்போதிருந்து தெரியும்! வெட்கத்தில் அன்று முழுக்க நான் வாப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அவர் லீவில் வந்தார். பெட்டி நிறையச் சாமான், எல்லாருக்கும் துணி, வாப்பாவுக்குக் கைக்கடிகாரம். முகம் மட்டும் எங்கேயோ விட்டுவிட்டு வந்ததைப் போல இருந்தது. இடக்கையைச் சாரன் மடிப்புக்குள்ளேயே வைத்திருந்தார். என்ன கேட்டாலும் ஓம், இல்லை. நான் பயந்தது அப்படியே வந்து வாசலில் நின்றது. மூலையில் பாயைக் கண்டதும், "இன்னும் கிடக்கா இது?" என்றார். "சனிக்கிழம அவன வரச் சொல்லியிரிக்கன். குடுத்து அனுப்பிருவம்." நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை தறி ஓடாது. ஆகவே வியாழக்கிழமைதான் எனக்கு மிச்சம். முற்பகலில் அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன். பாயை அவிழ்த்துக் கிற்றாரை எடுத்து, அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தேன். அவர் நிமிரவில்லை. "அத வை புள்ள" என்றார். நான் வைக்கவில்லை. சீ தட்டினேன், எஃப் தட்டினேன், ஜீ தட்டினேன். பிஸ்மி சொல்லிக்கொண்டு என் ஒன்பதாங் கோட்டைப் பிடித்துத் தட்டினேன்.

மடித்துக்கொண்டிருந்த சட்டை அவர் கையில் நின்றது.

"அதென்ன?"

"ஒங்கட ஒம்பது."

"இதோ? திரும்ப அடி."

அடித்தேன். இறங்கி வந்து என் விரல்களைக் குனிந்து பார்த்தார். "யா அல்லாஹ்! இது மனிசன் புடிக்கிற புடியா? ஆரு இத ஒனக்குச் சொல்லித் தந்த?"

"ஒங்கட புத்தகம்தான்."

புத்தகத்தை எடுத்து மடித்த பக்கத்தைத் திறந்தார். படத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். சிரிப்பு முதலில் மூக்கால்தான் வந்தது. பிறகு அடக்க முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டார். கண்ணால் தண்ணி வரச் சிரித்தார். "வலப்பக்கத்தால ஓதியிரிக்காய் புள்ள! கிதாப ஓதுற மாதிரி வலப்பக்கத்தால தொடங்கியிரிக்காய்! இது இங்கிலீஷ்காரன்ட புத்தகம், இடப்பக்கத்தால பாக்கோணும்!"

தடித்த தந்தி இடப்பக்கத்துக் கோடாம். மூன்று மெல்லிய தந்திகளில் போட வேண்டிய விரலை மூன்று தடித்த தந்திகளில் போட்டு, ஒரு வருஷத்துக்கு மேலாக நான் விரலை அறுத்திருக்கிறேன். எழுத்தில்லாத படம் ஒன்றைக் கண்டால், அறபு ஓதிப் பழகிய என் கண் தானாக வலப்பக்கம்தான் போயிருக்கிறது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சிரிக்காதீங்க மச்சான்! விரலப் பாருங்க, தோல் உரிஞ்சி உரிஞ்சி மரத்துப் போச்சி. ஆருக்காகப் படிச்சன்?" என்று கத்தினேன். தறி ஓடியபடியால் வீட்டார் பிழைத்தார்கள்.

"இஞ்ச தா, காட்டுறன்" என்று சிரித்த வாயோடு கிற்றாரை வாங்கினார். அந்த நேரத்தில் அவருக்குத் தன் விரல் நினைவில்லை. நடுவிரலை வைத்தார், சுட்டுவிரலை வைத்தார், மோதிர விரலைப் படுக்கப் போட்டார். அது படுக்கவில்லை. குச்சியைப் போல நீட்டிக்கொண்டு நின்றது. இன்னொருதரம் போட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இதோடு முடிந்தது, நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு கிற்றாரை என் மடியில் திரும்ப வைத்து, என் மோதிர விரலைப் பிடித்து, மெல்லிய தந்திகள் மூன்றின் மேலும் படுக்க வைத்தார். "இத இஞ்ச போடு. மத்த ரெண்டையும் இப்பிடி வை. இப்ப அடி."

அடித்தேன். அந்தச் சத்தம் வந்தது. கல்யாணம் முடிந்த புதிதில் கதவைச் சாத்திவிட்டு அவர் வாசித்த அதே சத்தம், என் கையிலிருந்து. நான் அழுதேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப உன்டத அடி" என்றார்.

"எதை?"

"உன்ட ஓதல் ஒம்பத."

பழைய பிடியைப் பிடித்துத் தட்டினேன்.

"ஒடன என்டத அடி."

தட்டினேன். என்னுடையது வழி தெரியாமல் நின்றது, அவருடையது அதை வா என்று கூப்பிட்டு உட்கார வைத்தது. நான் தட்டியதுதான், எனக்கே மயிர்க் கூச்செறிந்தது.

"உன்டதும் ஒம்பதுதான் புள்ள. ஜீட ஒம்பது. ஒரு சுரம் மட்டும் இறங்காமத் தொங்கிட்டு நிக்கிது" என்றார். "திரும்ப அடி. முதல்ல உன்டது, மறுகா என்டது." திரும்பத் திரும்ப அடிக்க வைத்தார். ளுஹர் பாங்கு சொல்லும்வரை அதே இரண்டு கோட்தான். பாங்கு சொன்னதும் நானே நிறுத்திவிட்டேன்.

விற்பதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் விற்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். வெள்ளிக்கிழமை முழுக்கப் பாய்ச் சுருளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

சனிக்கிழமை ரேடியோ திருத்துகிறவர் வந்து முன் அறையில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணியைத் திரைச்சீலைக்கு வெளியே நீட்டிவிட்டு உள்ளேயே நின்றேன். சுகம் விசாரித்து முடிந்ததும், "எங்க மச்சான் சாமான்?" என்று அவர் கேட்டார்.

"அது என்டதில்லடா. இந்த ஊட்டுச் சாமான். ஊட்டுக்காரிக்கிட்டக் கேளு" என்றார் என் மாப்பிள்ளை.

"நீதானே வரச் சொன்ன! இதென்ன கத?"

திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளேயிருந்து சொன்னேன்: "குடுக்க ஏலா காக்கா. நான் இன்னும் படிச்சி முடிக்கல்ல."

வந்தவர் சிரித்துவிட்டார். "நல்லாருக்கே! இந்த ஊருல கிற்றார் படிப்பிக்க ஆரு தங்கச்சி இரிக்கா?"

"நான்தான்" என்றார் என் மாப்பிள்ளை.